வயிற்றின் புகார்

கதை எழுதுகிறவனுடைய மேஜைக்கு எத்தனை இழுப்பறைகள் இருந்தாலும் அவற்றில் ஒன்று கதைக்குச் சம்பந்தமில்லாதது. என் மேஜையில் அது வலது பக்கத்துக் கீழ் இழுப்பறை. அதில் காராசேவு இருக்கும். சில நாள் மிக்ஸர். தீபாவளி சமயமானால் இரண்டும். கதாநாயகி வாசற்படியில் வந்து நிற்பாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. உடனே என் கை அந்த இழுப்பறைக்குப் போய்விடும். இருபது வருஷமாக என் கதாநாயகிகள் இப்படித் தயங்கித் தயங்கி நின்றதன் பலன், என் எடை 84 கிலோ.

இதை நான் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். சென்ற வருஷம் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்றிருந்தது. 5.7க்குக் கீழே என்றால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் நோய் என்று பெயர். நடுவில் இருப்பவன் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன். உள்ளே போனாலும் போகலாம், தெருவோடு இறங்கிப் போய்விட்டாலும் போகலாம். எங்கள் அப்பா உள்ளே போனவர். முதலில் ஒரு கால் விரல் போயிற்று, பிறகு பாதம், பிறகு அவரே.

பாதியில் நின்ற நாவலையும் உடம்பையும் ஒரே சமயத்தில் சீர்ப்படுத்திவிடலாம் என்று திருவண்ணாமலைக்குப் புறப்பட்டேன். பேகோபுரத் தெருவில் அக்கா வீடு. அத்தான் காலமாகி மூன்று வருஷமாகிறது, பிள்ளைகள் பெங்களூரில். மலை இருக்கிறது, நடக்கலாம். அமைதி இருக்கிறது, எழுதலாம். இந்தக் கணக்கில் நான் ஒன்றை மறந்துபோனேன். அங்கே அக்காவும் இருந்தாள்.

அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. மூடியில் படம் அழிந்து வெறும் தகரமாகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தத் தகர மூடி திறக்கும் சத்தம் கேட்கும். தட்டை, முறுக்கு, மல்லாட்டை உருண்டை என்று ஏதாவது ஒரு தட்டில் என் எதிரே வந்துவிடும். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் அதற்கு வேறு பெயர் சொன்னால் சுவை குறைந்துவிடும்.)

"வேணாங்க்கா, டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன் முதல் நாள்.

"டாக்டர் சோறு திங்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருப்பாரு. இது சோறா?" என்றாள். அதற்கு மேல் வாதாட முடியவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்து ஒரு தட்டையை எடுத்துக்கொண்டேன். ஒரு தட்டை என்பது உலகத்தில் எங்கும் கிடையாது என்பது தின்றவர்களுக்குத் தெரியும்.

பசியை அடக்க நான் செய்து பார்த்த உபாயங்களைச் சொன்னால் வாசகர்களுக்கு உபயோகப்படலாம். தண்ணீர் குடித்தேன், கால் மணி நேரம் தாங்கிற்று. பால் இல்லாத காப்பி குடித்தேன். பசி போகாமல் தூக்கம்தான் போயிற்று. தூக்கம் போனதும் மறுநாள் பசி இரட்டித்தது. இது என் கற்பனை அல்ல. இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஒரு சரக்கு சுரந்து மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்புகிறது என்று 1999இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். தூக்கம் குறைந்தால் அது அதிகமாகிறதாம். காலையில் நாலு இட்லிக்குப் பதிலாகப் பச்சைப்பயற்றுச் சுண்டலும் மோரும் சாப்பிட்டபோது நல்ல குணம் தெரிந்தது. பயற்றிலுள்ள புரதமும் நாரும் இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். மத்தியானத்துக்கு ஜவ்வாது மலையிலிருந்து வரும் சாமையைப் பொங்கி, கீரை மசியலை அதிகமாகவும் சாமையைக் குறைவாகவும் போட்டுக்கொண்டேன். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு பல் தேய்த்துவிட்டேன். சிரிக்காதீர்கள். தேய்த்த பல்லோடு முறுக்கைக் கடிக்க மனம் வருவதில்லை.

பௌர்ணமியன்று கிரிவலம் போனேன். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், வெறுங்கால். நடந்ததில் குறைந்ததை, வழியெல்லாம் வேகவைத்த மல்லாட்டையும் சுக்குக் காப்பியும் அன்னதானப் பொங்கலும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. புண்ணியம் மட்டும் மிச்சம்.

எல்லாவற்றையும் சமாளித்தேன். நாலு மணியைத்தான் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு கோழைத்தனமான வழி கண்டுபிடித்தேன். அக்கா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனதும், பண்டத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவது. வெளியே எறிய மனம் வரவில்லை, அது அக்கா கையால் செய்தது. வெறும் தட்டைப் பார்த்து அவள் சந்தோஷப்படுவாள். பதினோரு நாள் இது நடந்தது. பன்னிரண்டாம் நாள் எறும்புகள் காட்டிக் கொடுத்தன. நான் வெளியே போயிருந்தபோது, சுவரோரமாகப் போன எறும்புச் சாரியைத் தொடர்ந்து போய் அக்கா பெட்டியைத் திறந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது பதினோரு பொட்டலங்களும் கூடத்தில் வரிசையாக இருந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இரண்டு நாள் சாமையும் கீரையும் சொல் இல்லாமல் வந்தன. நாலு மணிக்கு மூடி திறக்கும் சத்தம் கேட்கவில்லை. எனக்கு வயிறு பகீரென்றது. அது பசியால் அல்ல.

அந்த இரண்டாம் நாள், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் செங்கம் சாலையில் நடந்து ரமணாசிரமத்துக்குப் போனேன். அங்கே புத்தகசாலையில் ரமணருடைய நூல்திரட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். பதினாறு வயதில், 1896இல், இந்த ஊருக்கு வந்து, பாதாள லிங்கக் குகையில் உணர்வற்றுக் கிடந்தபோது பிறர் ஊட்டினால்தான் உண்டவர் அவர். 'நான் யார்?' என்ற சிறு நூலில், நியமங்களில் சிறந்தது மிதமான சாத்துவிக உணவு என்கிறார். அதை முன்பே படித்திருக்கிறேன். அன்று கண்ணில் பட்டது வேறு. ஒளவையார் வயிற்றைக் கடிந்து பாடிய வெண்பா எல்லோருக்கும் தெரிந்ததே: ஒரு நாள் சும்மா இரு என்றால் இருக்கமாட்டாய், இரண்டு நாளைக்குச் சேர்த்துக்கொள் என்றால் கொள்ளமாட்டாய், உன்னோடு வாழ முடியவில்லை என்று. ஒரு சித்ரா பௌர்ணமியில் பலமான விருந்துக்குப் பிறகு யாரோ அந்தப் பாட்டைச் சொல்ல, ரமணர் வழக்கை அப்படியே திருப்பிவிட்டார். அவர் பாட்டில் வாதி வயிறு, பிரதிவாதி உயிர். ஒரு நாழிகைகூட எனக்கு ஓய்வு தருவதில்லையே, என் நோவை நீ ஒரு நாளும் அறிவதில்லையே என்று வயிறு முறையிடுகிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் வயிற்றைத் திருடன் என்று எண்ணிக் காவல் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவோ நாம் பழக்கியபடி கேட்கிற வேலைக்காரன். கிரெலினைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள்: நாம் தினமும் எந்த நேரத்தில் சாப்பிடுகிறோமோ, அந்த நேரத்துக்கு முன்னால் அது தானாக ஏறுகிறது. சாப்பிடாமல் விட்டாலும் சிறிது நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. நாலு மணிக்கு எனக்குப் பசிப்பதாக வயிறு சொல்லவில்லை. நாலு மணி ஆயிற்று என்றுதான் சொல்கிறது. அதை நாலு மணிக்குப் பழக்கியது யார்?

இதை வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன், பாட்டையும் சேர்த்து. மௌனத்தைக் கலைக்க வேறு வழி தெரியவில்லை. அவள் அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள்.

"என்னக்கா?"

"நாலு மணிக்குப் பழக்கினது. அம்மா வேலூர் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ உனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்து டின்னைத் தொறந்தே. உள்ள ஒண்ணும் இல்ல. நீ அழல. மூடியை மூடிட்டு, மறுபடியும் தொறந்து பார்த்தே. ரெண்டு மூணு தடவை தொறந்து தொறந்து பார்த்தே. எனக்குப் பதினாலு வயசு. அன்னைக்கு நெனைச்சேன், இனிமே இந்த டின் காலியா இருக்கக் கூடாதுன்னு."

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. காரியாலயத்தில் வேலை பார்த்தபோதும், இப்போது மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும், நாலு மணிக்கு என் கை தேடியது காராசேவைத்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பாவுக்கும் நான்தான் கொடுத்தேன்" என்றாள் சற்றுப் பொறுத்து. "வேணாம்னு ஒரு நாளும் சொல்லமாட்டார்."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? கதையில் யாராவது இப்படிப் பேசினால் அந்த அத்தியாயத்தை அங்கேயே முடித்துவிடுவேன். புடலங்காயை வாங்கி நறுக்கினேன்.

மறுநாளிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாலு மணிக்கு மூடி திறக்கலாம். ஆனால் ஒரு நாழிகை கழித்துத்தான். ஒரு நாழிகை 24 நிமிஷம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேரவும் ஏறக்குறைய இருபது நிமிஷம் பிடிக்கிறது. ரமணர் பாட்டில் வயிறு கேட்டதும் அந்த ஒரு நாழிகைதான். அந்த நேரத்தில் நானும் அக்காவும் மாட வீதியில் நடந்துவிட்டு வருவோம். கால் மணி நேரம் வேகமாக நடந்தால் இனிப்பின் மேல் உள்ள ஆசை தணிகிறது என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் நடையில் வேகம் கிடையாது. அக்காவுக்கு முழங்கால் வலி. தவிர, மூன்று வருஷமாகப் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் அவள் நின்று நின்று பேசினாள். திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் நீர்மோர். சில நாள் அதோடு தீர்ந்துவிடும். சில நாள் தீராது. ஒரு முறுக்கை இருவரும் பாதியாக உடைத்துக்கொள்வோம். அக்காவும் சர்க்கரை பார்த்துக்கொண்டாள். அவள் எண்ணைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

என் எண்ணைச் சொல்லலாம்: மூன்று மாதத்தில் 5.9. இன்னும் திண்ணைதான். எடை ஐந்து கிலோ குறைந்தது. நாவல் முடியவில்லை.

சென்னைக்குப் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுவரை வந்து, அந்த டின்னையே என் மடியில் வைத்துவிட்டாள். "இழுப்பறையில வெச்சுக்கோ" என்றாள். செஞ்சிக் கோட்டை கண்ணில் பட்டபோது திறந்து பார்த்தேன். வறுத்த கொள்ளு நிறைய இருந்தது. அதன் மேலே ஒரே ஒரு முறுக்கு.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு அடித்துப் பத்து நிமிஷம். மூடியை மூடினேன். திண்டிவனத்துக்கு முன்னால் இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.