சிட்லிங்கியில் ஒரு சோஃபா

தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் கல்வராயன் மலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை. அரூரில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் 'சிட்லிங்' என்று சொன்னால்தான் சட்டென்று புரியும்.

"ஆஸ்பத்திரிக்கா சார்?"

"இல்லை, சும்மா பார்க்க."

"சும்மா பார்க்க அங்க என்ன சார் இருக்கு?"

இருக்கிறது.

பொதுவாக எனக்குத் தொண்டு நிறுவனம் என்றாலே கொஞ்சம் அலர்ஜி. ஒரு ஜீப், ஒரு பேனர், ஒரு தையல் மெஷினை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாளுக்குக் கொடுக்கிற போட்டோ. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அந்த மெஷின் மேல் கோழி அடைகாத்துக் கொண்டிருக்கும்!

இங்கே கதை வேறு. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் காந்திகிராமத்து வேலையை விட்டுவிட்டு வந்து, ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். குடிசை ஆஸ்பத்திரியானது. பிரசவமும் ஜுரமும் ஒரு வழிக்கு வந்த பிறகு அடுத்த வியாதி தெரிந்தது. அதற்குப் பெயர் வருமானமின்மை. உரக்கடைக் கடன், பொய்த்த மழை, திருப்பூருக்கு மூட்டை கட்டும் ஜனங்கள். இதற்கு எந்த டானிக்கை எழுதிக் கொடுப்பது?

2004-ல் 'ரசாயன உரம் வேண்டாம், சேர்ந்து விற்போம்' என்று ஆரம்பித்தபோது வந்தவர்கள் நாலே விவசாயிகள். இப்போது பல நூறு பேர். சங்கத்தின் பெயர் சிட்லிங்கி ஆர்கானிக் ஃபார்மர்ஸ் அசோசியேஷன். இங்கிலீஷ் முதலெழுத்துக்களைக் கூட்டிப் பாருங்கள். "சோஃபாவுக்கு வாங்க" என்று கூப்பிட்டதும், உட்கார நல்ல இடம் என்று சந்தோஷமாகப் போனேன். அத்தனையும் சாக்கு மூட்டை! மஞ்சள், சாமை, கேழ்வரகு. மூட்டையாகப் போனால் வியாபாரி சொல்வதுதான் விலை. மாவாக்கி, பாக்கெட் போட்டு விற்றால் இவர்கள் ஒட்டும் லேபிளில் இருப்பது விலை. இந்த லேபிள் ஒட்டுகிற வேலையில்தான் பெண்கள் குழுக்களுக்குப் பிழைப்பு.

பக்கத்திலேயே லம்பாடித் தாண்டா. மாட்டு முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போன வணிகர்களின் வாரிசுகள். ரயிலும் ரோடும் வந்து அந்தத் தொழிலைச் சாப்பிட்டுவிட்டன. கண்ணாடியும் சோழியும் வைத்துத் தைக்கிற பாவாடை மட்டும் கூடவே வந்தது. பேத்திகள் சுடிதாருக்கு மாறியதும் அதற்கும் ஆபத்து. டாக்டர் லலிதா விசாரித்தபோது தையல் தெரிந்த பாட்டிகள் இரண்டே பேர்தானாம். அவர்களையே வாத்தியார்களாக்கி 2006-ல் ஆரம்பித்ததுதான் 'போர்கை'. லம்பாடி மொழியில் 'பெருமை' என்று அர்த்தம்.

நான் போனபோது ஒரு பெண் உதட்டை அசைத்தபடி இழைகளை எண்ணித் தைத்துக் கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். நிமிரவில்லை.

"பேசினா எண்ணிக்கை விட்டுப் போயிடும் சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

காட்டு வேலை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தும் தைக்கலாம். பீஸ் கணக்கில் கூலி. திருப்பூர் போய்த் திரும்பியவரும் இருக்கிறார். "அங்க நாம தைச்ச பனியன் எங்க போகுதுன்னே தெரியாது சார். இங்க, இது யாரு கைன்னு பார்த்தவுடனே தாண்டாவே சொல்லிடும்."

கஷ்டம் இல்லாமல் இல்லை. சென்னை, பெங்களூர் கண்காட்சிகள்தான் சந்தை. 2020-ல் கொரோனா வந்து ஊரையே பூட்டியபோது கண்காட்சிக்கு எங்கே போவது?

மனசில் இருந்ததைக் கேட்டே விட்டேன். "நாளைக்கு டாக்டருங்க ஊரைவிட்டுப் போயிட்டா?"

தைத்துக் கொண்டிருந்தவர் இப்போதுதான் நிமிர்ந்தார். "கணக்கு நோட்டு எங்ககிட்டதானே சார் இருக்கு?"

ஒரு குஷன் உறையை எடுத்து, "கொஞ்சம் குறைச்சுக் கொடுங்கம்மா" என்று வழக்கப்படி ஆரம்பித்தேன். அவர் பதில் பேசாமல் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். ஒரு பிசிறு, ஒரு முடிச்சு... ஊஹும்! லேபிளில் போட்டிருந்த விலையை எண்ணிக் கொடுத்துவிட்டு பில் வாங்கிக்கொண்டேன்.