வீட்டினுள் ஒரு சிறு கடல்

கடல்மீன் வளர்ப்போர்க்கு முதலில் வேண்டுவது பொறுமையே. 100 லீற்றர்த் தொட்டியொன்றில், லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்புக் கலவை கரைத்து, முருகைக்கல் அடுக்கினோம். ஆயினும் 5 வாரங்கள் மீன் விடவில்லை. சிறிதளவு இரை மட்டுமே இட்டுவந்தோம். "மீன் எப்ப அப்பா வரும்?" எனப் பிள்ளைகள் நாடோறும் வினவினர். இரையும் கழிவும் அழுகிப் பிறக்கும் அமோனியா மீனுக்கு நஞ்சு. அதனை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலே பெருக வாரங்கள் செல்லும்.

கடையிலே பிள்ளைகள் வண்ணாத்துப்பூச்சி மீனையே விரும்பினர். அவ்வினத்துட் சில, உயிருள்ள பவளப்பூச்சிகளையன்றி வேறெதனையும் உண்ணா. எமது வீட்டில் அவை பட்டினியால் மடியும். இதை எடுத்துரைத்து, தொட்டியிலே பிறந்து வளர்ந்த கோமாளி மீன் இரண்டைத் தெரிவுசெய்தோம்.

ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரே வார்க்கவேண்டும்; உப்பு ஆவியாவதில்லை. அப்பணியை இளையவன் நாடோறும் தவறாது செய்கின்றான்.