புரெவி என்றொரு பிறவி

“நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு. அது வீட்டைக் காவல் காக்கும்.” மூன்றாம் வகுப்பில் நாயைப் பற்றி நான் எழுதிய கட்டுரை இவ்வளவுதான். பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பில், யாரும் எழுதச் சொல்லாமலே, மீண்டும் நாயைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருந்து, 2025 செப்டம்பரில் இறந்துபோன எங்கள் புரெவிக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அதை அடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் பாம்பன். விடுதித் தோழியர் பலருக்குப் பாம்பன் என்றால் பாலம்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கோ கடல்தான். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர்.

2020 டிசம்பர் முதல் வாரம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. நான் அப்போது ஏழாம் வகுப்பு. டிசம்பர் 2ஆம் தேதி இரவு திரிகோணமலைக்கு வடக்கே இலங்கையில் ஏறிய புயல், மறுநாள் எங்கள் பக்கம் வந்தது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். டிசம்பரும் புயலும் சேர்ந்து வந்தால் எங்கள் அப்பத்தாவுக்குக் கை நடுங்கும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அவர் சிறுமி. ரயில் வண்டியையே ஆட்களோடு இழுத்துக்கொண்டு போன கடல் அல்லவா அது! அன்றிரவு முழுவதும் அப்பத்தா செபமாலையைக் கீழே வைக்கவில்லை. நல்ல வேளையாகப் புயல் கரையை நெருங்கும்போது வலுவிழந்தது. ஆனால் இராமநாதபுரம் கடலோரத்திலேயே நகராமல் நின்று மழையாய்க் கொட்டித் தீர்த்தது.

மழை சற்று விட்டதும் படகைப் பார்க்கப் போன அப்பாவுடன் நானும் போனேன். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளத்தின் அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. குனிந்து பார்த்தால், நனையாமல் இருக்க அப்பா அங்கே வைத்திருந்த வலைக் குவியலுக்குள் ஒரு நாய்க்குட்டி! வலை நரம்பு அதன் பின்னங்காலைச் சுற்றி இறுகி, சதைக்குள் இறங்கியிருந்தது. குட்டி இழுக்க இழுக்க நரம்பு இன்னும் இறுகியது. அப்பா கத்தியை எடுத்து வலையை அறுத்தார். தோழியரே, தன் வலையைத் தானே அறுக்கும் மீனவரைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் கடன் வாங்கி வாங்கிய வலை! பக்கத்தில் நின்றவர்கள், “ஒரு நாய்க்குட்டிக்காகவா?” என்று சிரித்தார்கள். “வலையை மறுபடி பின்னிக்கலாம்” என்றார் அப்பா.

புயலின் பெயரையே குட்டிக்கு வைத்தோம். ‘புரெவி’ மாலத்தீவு கொடுத்த பெயர். ஒருவகைக் கண்டல் மரத்தைக் குறிக்குமாம். அப்பத்தாவின் வாயில் அது நுழையவில்லை. “பிறவி, பிறவி” என்றே கூப்பிட்டார். போகப் போக அதன் சேட்டைகளைப் பார்த்து, “இது என்ன பிறவியோ!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அதைப் பிடிக்கவே இல்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு தெருநாய் என்னைக் கடித்திருந்தது. அம்மாவும், “ஊசி போட்ட பிறகுதான் இது வாசற்படி ஏறலாம்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பத்தாவின் அண்ணனுக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்களாம். இன்று கையிலே சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை. எனவே நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புரெவிக்கும் மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் ஊசி போட்டு, ஆண்டுதோறும் தவறாமல் போட்டு வந்தோம். அதன் பிறகே என் பயமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

இனி அதன் குணங்களைக் கேளுங்கள். கடற்கரையில் பிறந்த நாய் மீன் தின்னாது! வாளை மீனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் அவித்த பனங்கிழங்கு என்றால் உயிர். நாரைக்கூட விடாது. ஒரு காது நிமிர்ந்து நிற்கும்; மற்றொன்று மடிந்து கிடக்கும். மாலையில் கோயில் மணி அடித்தால் தலையைத் தூக்கி மணியோடு சேர்ந்து ஊளையிடும். “அதுவும் செபம் சொல்லுது, விடுங்க” என்பார் அப்பத்தா.

ரயில் விஷயம் இன்னும் வேடிக்கை. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின்மேல் ரயில் மெல்ல ஊர்ந்துதான் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் புரெவி நொண்டிக்கொண்டே கரைக்கு ஓடும். கடைசிப் பெட்டி கடக்கும்வரை குரைத்துவிட்டு, ரயிலைத் தானே பத்திரமாகக் கரை சேர்த்ததுபோல் நிமிர்ந்த வாலோடு திரும்பும். 2022 டிசம்பரில் பாலம் பழுதென்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். நாய்க்கு யார் சொல்வது? நாள்தோறும் மாலையில் அதே கல்லின் மேல் போய் உட்காரும். இருட்டியதும் வாலைத் தொங்கவிட்டுத் திரும்பும்.

எல்லாவற்றிலும் பெரிய குறும்பு செருப்புத் திருட்டு. இடது கால் செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடும். சில நாள் திரும்பக் கிடைக்கும். சில நாள் கிடைக்காது. வலது செருப்புகள் மட்டும் எங்கள் வீட்டு மூலையில் குவிந்தன.

ஒருமுறை நடுக்கடலில் படகு இயந்திரம் பழுதாகி, அப்பா மறுநாள் காலையில்தான் கரை சேர்ந்தார். அந்த இரவு அம்மாவும் அப்பத்தாவும் முழந்தாளில் இருந்தார்கள். புரெவி தண்ணீர் காலை நனைக்கும் இடத்தில் நின்றது. கூப்பிட்டாலும் வரவில்லை. விடியற்காலையில் எங்கள் காதுக்கு எதுவும் எட்டுமுன் அதன் வால் ஆடத் தொடங்கியது. அப்பாவின் படகை வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்துகொண்டிருந்தது!

டோக்கியோவில் ஹச்சிக்கோ என்ற நாய், இறந்துபோன தன் எஜமானருக்காக ஏறத்தாழ பத்தாண்டுகள் ரயில் நிலையத்தில் காத்திருந்து 1935இல் இறந்தது. அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 2004 சுனாமியின்போது புதுச்சேரியை அடுத்த சின்னக்காலாப்பட்டில் செல்வக்குமார் என்ற நாய், ஒரு சிறுவனை மேட்டுக்குத் தள்ளிக் கொண்டுபோய்க் காப்பாற்றிய செய்தி உலகமெங்கும் பரவியது. எங்கள் புரெவி யாரையும் காப்பாற்றவில்லை. அதற்குக் காத்திருக்க மட்டுமே தெரியும்.

2024 ஜூனில் பதினோராம் வகுப்பில் சேர, பெட்டியோடு இராமநாதபுரம் புறப்பட்டேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வாசலில் என் புதுச் செருப்பில் இடது காலைக் காணோம்! எனக்கு வந்த கோபத்தில் வலது செருப்பை எடுத்துப் புரெவியின் முதுகில் ஓங்கி அடித்துவிட்டேன். அது கத்தவில்லை; ஓடவும் இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. நான் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பாராமல் போய்விட்டேன். பேருந்து சாலைப் பாலத்தில் ஏறும்போதுதான் அழுகை வந்தது.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. தேர்வு விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் மாலை ரயில் சத்தம் கேட்டது. திண்ணையில் படுத்திருந்த புரெவி நிமிர்ந்தது. இரண்டேகால் ஆண்டுக்குப் பிறகு வந்த ரயில்! முன்போல் ஓட முடியாமல் நொண்டி நொண்டிக் கல்லருகே போய்ச் சேர்ந்து, கடைசிப் பெட்டிவரை குரைத்துத் தீர்த்தது. “பாத்தியா, காத்திருந்தது வீண்போகல” என்றார் அப்பத்தா.

அதன் ஓட்டம் குறைந்திருந்ததை வயது என்று நினைத்தோம். ஆகஸ்டில் சரியாகச் சாப்பிடாததைப் பிடிவாதம் என்று நினைத்தோம். செப்டம்பரில் மூக்கில் இரத்தம் கண்ட பிறகே மருத்துவரிடம் கொண்டு போனார்கள். ஈறுகள் வெளுத்துப் போயிருந்தன. உண்ணி கடித்து வரும் காய்ச்சலாம். தொடக்கத்திலேயே கொண்டு வந்திருந்தால் மாத்திரையில் தேறியிருக்கும் என்றார் மருத்துவர். நாய் வளர்ப்போர் இதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள்: காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

அந்த வியாழக்கிழமை அம்மா விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். “புரெவி வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கு. வெள்ளிக்கிழமை பரீட்சை முடிஞ்சதும் வந்துட்டுப் போறியா?” சனிக்கிழமை விடுதியில் திரைப்படம் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். “அடுத்த வாரம் வர்றேம்மா” என்றேன்.

சனிக்கிழமை மாலை, கோயில் மணி அடித்தபோது புரெவி ஊளையிடவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா பூவரச மரத்தடியில் குழி வெட்டி மூடியிருந்தார். பக்கத்தில் அந்தப் பழைய வள்ளம் கிடந்தது. அதன் அடியில் புரெவி எப்போதும் படுக்கும் இடத்தைப் பெருக்கக் குனிந்த அம்மா, மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டார். ஒன்பது செருப்புகள். எல்லாம் இடது கால். அப்பாவுடையது, அம்மாவுடையது, திருமணமாகித் தூத்துக்குடி போன அத்தையுடையது. கடைசியாக என்னுடையது, ஒருமுறைகூடக் காலில் போடாத புதுச் செருப்பு. ஒன்றில்கூடப் பல் பட்ட அடையாளம் இல்லை.

அப்பத்தா நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொறப்படுற ஆளோட செருப்பத்தான் அது எடுத்திருக்கு. ஒத்தச் செருப்போட எப்படிப் போவீங்கன்னு நெனச்சிருக்கும்” என்றார். நினைத்துப் பார்த்தேன். அப்பத்தா சொன்னது சரி. வீட்டில் சும்மா இருந்தவர் செருப்பை அது ஒருநாளும் தொட்டதில்லை. போகாதே என்று அதற்குத் தெரிந்த ஒரே மொழியில் அது சொன்னது. நான் அடித்தேன்.

பள்ளிக்குத் திரும்பி, ஒரு சிஸ்டரிடம், “நாய்க்கு மோட்சம் உண்டா?” என்று கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. “அதைச் சொல்ல எனக்குத் தெரியாது, அம்மா. புனித ரோக்கின் சுரூபம் பார்த்திருக்கிறாயா? கொள்ளைநோயோடு தனியே கிடந்தவருக்கு ஒரு நாய் அப்பம் கொண்டுவந்து கொடுத்ததாம். அதனால் அந்த நாயையும் அவர் காலடியில் வைத்திருக்கிறார்கள். படைத்தவர் மறக்கமாட்டார். அது இருக்கட்டும், உன் அப்பத்தாவுக்கு என்ன வயது? அவர்களைப் பார்த்து எத்தனை வாரம் ஆயிற்று?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

தோழியரே, புரெவியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டது. ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது நாய்கள் மட்டுமல்ல. உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். இப்போதெல்லாம் அப்பத்தா, “எப்ப வர்றே?” என்று கேட்டால், “அடுத்த வாரம்” என்று நான் சொல்வதில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பேருந்து ஏறிவிடுகிறேன். ஞாயிறு மாலை திரும்பும்போது வாசலில் இரண்டு செருப்பும் ஒழுங்காக இருக்கின்றன. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

— ஒரு விடுதி மாணவி,
பன்னிரண்டாம் வகுப்பு