"ஒண்ணுமே திங்கறதில்லீங்க!"

கோயமுத்தூர்ப் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் இந்தப் புகார் காதில் விழாமல் இராது. "ஒண்ணுமே திங்கறதில்லீங்க. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெச்சாலும் மூஞ்சியத் திருப்பிக்கறானுங்க!" மாமியார் அருகிலிருந்தால், பழி மருமகளின் கைப்பக்குவத்தின் மேல் விழும்.

பாவம், அவள் என்ன செய்வாள்? முதல் ஆண்டில் பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காகிற குழந்தை, இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடுகிறது. வளர்த்தி நிதானப்பட்டால் பசியும் நிதானப்படத்தானே வேண்டும்? போதாததற்கு, இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதிய பண்டம் எதைக் கண்டாலும் சந்தேகம். இன்று துப்பிய கொள்ளுப் பருப்பைப் பத்தாம் முறை தானே கேட்டு வாங்குவதும் உண்டு.

மெய்யாகவே பொறுக்கித் தின்கிற குழந்தையைக் கண்டுகொள்ள, அளவைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள். ஒரு வாரம் தின்றதையெல்லாம் எழுதி வையுங்கள். சந்தகை, கம்மஞ்சோறு, முட்டை, பப்பாளி என்று பட்டியல் நீண்டால் கவலையில்லை. நேற்றுவரை தின்றவையும் ஒவ்வொன்றாகக் கழன்று பட்டியல் சுருங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, அங்கன்வாடித் தராசில் எடை ஏறாமல் நின்றாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எனக்கென்னவோ புகார் எழாத வீட்டைப் பற்றித்தான் கவலை. அங்கே ஒரு குழந்தை அடம் பிடிக்காமல் பாலும் வெள்ளைச் சோறுமாகவே வளரும். "தங்கமான பிள்ளை" என்பார்கள். இரும்புச் சத்துக் குறைந்து முகம் வெளிறுவதையும், "நல்ல நிறமுங்க" என்று சொல்லி மகிழ்வார்கள்.