பென்டிரைவில் ஏறாத படம்

பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய கம்பெனி. 2008 வாக்கில், எங்கள் அம்பத்தூர் எஸ்டேட் பிரஸ் ஷாப்பில் செய்த, தகட்டைத் துளைத்து மடித்து வெட்டும் புது டையைப் பற்றிச் சொல்ல அங்கே போயிருந்தேன். பையன்கள் டை ஓடுவதை வீடியோ எடுத்து ஸ்லைடில் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது ஸ்லைடில் அழுத்தினால் கறுப்புக் கட்டம்தான் வந்தது. படம் ஷாப் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்துப் பவர்பாயிண்ட் வீடியோவைத் தன்னோடு தூக்கிக்கொள்ளாது. இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். கோப்புக்குள்ளேயே பதித்துக்கொள்வது 2010 பதிப்பில்தான் வந்தது. எனக்கு எங்கே தெரியும்?

நல்லவேளை, பையில் புரோகிரஸிவ் டையின் ஸ்ட்ரிப் ஒரு முழம் கிடந்தது. துளை, மடிப்பு, வெட்டு என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் அதில் வரிசையாகத் தெரியும். அதை மேஜையில் வைத்துத்தான் பேசினேன். ஆர்டர் கிடைத்தது, சட்டை நனைந்தது வேறு விஷயம்.

இப்போது ஷாப்பைப் பேரன் பார்த்துக்கொள்கிறான். போன மாதம், ஒரு கம்பெனியில் பேசக் கூப்பிட்டிருந்ததற்காக எடுத்த நாலு நிமிஷப் படம் ஒன்றைக் காட்டினான். டிரோனில் எஸ்டேட், பின்னணி இசை, சுழலும் லோகோ.

"எதுக்குடா இதெல்லாம்?"

"இன்ட்ரோ வேணாமா தாத்தா?"

"நம்ம கேட்டைத் தாண்டி வந்து பார்த்தவங்கதானே கூப்பிட்டிருக்காங்க?"

ஆனால் கடைசியில் ஒரு துண்டு இருந்தது, அதில் அசந்துபோனேன். பஞ்ச் தகட்டைத் துளைத்ததும் வெட்டுப்பட்ட ஸ்லக் கீழே விழ வேண்டும். சில சமயம் எண்ணெய்ப் பசையில் பஞ்சின் முகத்தில் ஒட்டி மேலே வந்துவிடும். அடுத்த அடியில் தகட்டில் வடு விழும். வெறும் கண்ணுக்குச் சிக்காத வேகம். இவன் செல்போனில் வினாடிக்கு 240 படம் வீதம் எடுத்திருக்கிறான். ஒரு வினாடி எட்டு வினாடியாக இழுபடுகிறது. காலணா மாதிரி ஒரு ஸ்லக், பஞ்சோடு ஏறி, ஆடி, தகட்டின் மேல் சரிந்தது. நாற்பது வருஷம் வடுவைப் பார்த்தே ஊகித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்த இருபது வினாடியை மட்டும் வைக்கச் சொன்னேன். சத்தத்தையும் எடுக்கச் சொன்னேன். பிரஸ் இரைச்சலில் இவன் பேசுவது யார் காதில் விழும்? அங்கே பழைய விஜிஏ ஒயர் இருந்தால் சத்தம் போகவும் போகாது. ஸ்லக் சரியும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுப் பேசு என்றேன். கிளம்பும்போது ஸ்ட்ரிப்பையும் பையில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வந்தவன் பையைக் கவிழ்த்துக் காட்டினான். ஸ்ட்ரிப் இல்லை. ஸ்லக் எந்தத் துளையிலிருந்து ஏறியது என்று பார்க்க, அங்கே இருந்த இன்ஜினியர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம்.