யந்திரம் செய்த சத்தியாக்கிரகம்

வல்லம் என்றதும் நேயர்களில் பலருக்குத் தஞ்சாவூருக்கு அருகிலுள்ள வல்லமும், அங்கே கல்லில் கடைந்த மூக்குக் கண்ணாடியுமே ஞாபகத்துக்கு வரும். நாம் சொல்வது அந்த வல்லம் அன்று. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையிலுள்ள வல்லம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் நமது ஊரைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய் விடுவார்கள். 2025-ம் வருஷத்தில் அந்தக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட பிறகும், நமது ஊருக்குக் கிடைத்த பெருமை அவ்வளவுதான்.

இத்தகைய ஊரில் துணி உலர்த்துவதற்கு ஒரு யந்திரம் எதற்கு என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். வருஷத்தில் பெரும் பகுதி வெயில் கொளுத்தும் பிரதேசம் இது. கொடியில் வேஷ்டியைப் போட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது வேஷ்டி அப்பளமாய்க் காய்ந்திருக்கும். உலர்த்தும் யந்திரமோ பனி தேசத்தாரின் கவலையில் பிறந்த பொருள். அமெரிக்காவில் வட டகோட்டாவில் வாழ்ந்த ராஸ் மூர் என்பவர், உறைபனியில் வெளியே துணி உலர்த்தும் கஷ்டத்தைப் போக்குவதற்காக ஒரு கொட்டகையில் அடுப்பும் உருளையும் அமைத்துப் பார்த்தார். அந்த முயற்சி 1938-ல் கடைச் சரக்காக வெளிவந்தது.

ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து அடைமழை பிடித்துக் கொள்ளும்போது, நமது வல்லமும் ஒரு வட டகோட்டாதான். அதிலும் வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை.

2024-ம் வருஷம் ஐப்பசியில் நமது புதல்வி தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்தாள். பேரன் பிறந்தான். பிறந்த நாள் முதல் அவன் செய்த முக்கியமான உத்தியோகம் துணிகளை நனைப்பது. கூடத்தில் கொடி, தாழ்வாரத்தில் கொடி, பூஜை அறையைத் தவிர மற்ற இடமெல்லாம் கொடி. இதைக் கண்டு மனம் இரங்கிய மாப்பிள்ளை, சென்னையிலிருந்து துணி உலர்த்தும் யந்திரம் ஒன்றை வாங்கி அனுப்பினார். உள்ளே ஓர் உருளை சுழலும். சூடான காற்று அதன் வழியே பாயும். ஈரத்தைச் சுமந்த காற்று ஒரு குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போய்விடும். ஒரு மாதம் அது நமது வீட்டில் ராஜோபசாரம் பெற்றது.

நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிற்று. ஏறியது நகரவில்லை; நின்று கொட்டிற்று. பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று என்றால் நமது நிலையை ஊகித்துக் கொள்ளலாம். சாரல் உள்ளே அடிக்காதிருக்க, அகப்பட்ட கோணியையும் பழந்துணியையும் கொண்டு ஜன்னல் இடுக்குகளையெல்லாம் நாமே அடைத்தோம். மின்சாரம் போயிற்று. சில நாள் வரவில்லை. ஈரத்துணி மலைபோல் குவிந்தது.

மின்சாரம் திரும்பி வந்த அன்று நாம் முதலில் ஓடியது விளக்கினிடம் அல்ல, யந்திரத்தினிடம். பொத்தானை அமுக்கினோம். அசைவில்லை. இந்தச் சமயத்தில் எல்லாரும் செய்வதைப் போலவே, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினோம். பிரயோஜனமில்லை. பிறகுதான் கதவிடுக்கில் குழந்தையின் துணி ஒன்று அகப்பட்டிருப்பதைப் பார்த்தோம். கதவு முழுவதும் மூடி, அதிலுள்ள ஸ்விட்ச் அமுங்கினால் ஒழிய மோட்டார் ஓடாது. சுழலும் உருளைக்குள் கை போகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. துணியை இழுத்துவிட்டுக் கதவை மூடினோம். யந்திரம் ஓடிற்று.

ஓடிற்றே தவிர, ஒரு மணி நேரம் கழித்தும் துணி வெந்நீரில் முக்கி எடுத்தது போலவே இருந்தது. நாம் உடனே மின்சார அழுத்தத்தின் மீது பழியைப் போட்டோம். அதற்குச் சாஸ்திர ஆதாரமும் கைவசம் இருந்தது. அழுத்தம் குறையும்போது வெப்பம் அந்த விகிதத்தில் மட்டும் குறைவதில்லை. அதன் வர்க்க விகிதத்தில் குறைகிறது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 160 வோல்ட் வந்தால், சூடேற்றும் சுருள் தரும் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கவோ ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். இவ்வளவையும் வீட்டாருக்கு விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்துவிட்டு ஸ்டெபிலைசரில் உள்ள முள்ளைப் பார்த்தோம். அது 225-ல் நின்றது! நமது பிரசங்கம் அத்துடன் நின்றது. மறுமுறை துணியைப் போட்டபோது உருளை சுற்றிற்று. சூடு மட்டும் அறவே இல்லை. யந்திரம் ஒத்துழையாமையைப் பூரணமாக ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். இளைஞர், கெட்டிக்காரர். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். மீட்டரை வைத்துப் பார்த்து, சூடேற்றும் சுருள் சரியாக இருக்கிறது என்றார். பிறகு கட்டை விரல் அளவுள்ள ஒரு சிறு துண்டைக் காட்டினார்.

"இது தெர்மல் ஃபியூஸ், ஸார். இது போய்விட்டது. புதிது வர ஒரு வாரம் ஆகும். அவசரம் என்றால் சொல்லுங்கள், இதை எடுத்துவிட்டு ஒரு ஒயர் போட்டு டைரக்ட் செய்துவிடுகிறேன். பத்தே நிமிஷம்."

உள்ளே தூளியில் பேரன் வீறிட்டான். கொடியில் ஒரு துணியாவது காய்ந்ததாக இல்லை. நாம் சிறிதும் யோசிக்காமல், "அப்படியே செய்துவிடப்பா" என்றோம்.

இந்த இடத்தில் நமது சகதர்மிணி குறுக்கிட்டாள். அவளுக்கு வோல்டும் வாட்டும் தெரியாது. ஆனால் நாற்பது வருஷமாகக் குக்கரைத் தெரியும்.

"தம்பி, குக்கரில் ஸேப்டி வால்வு உருகிப் போனால் என்ன செய்வோம்? அந்த ஓட்டையில் ஆணியை அடித்தா மறுபடியும் அடுப்பில் ஏற்றுவோம்? வெயிட் போடுகிற குழாயில் பருப்பு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் அல்லவா? இது ஏன் போயிற்று என்று பார்த்தாயா?"

மெக்கானிக் நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். "காற்று போகிற குழாய் எங்கே இருக்கிறது, அம்மா?" என்று அவர் கேட்டார்.

மூவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போனோம். அங்கே குழாயின் வாயில், புயலன்று நமது திருக்கரங்களால் அடைத்த கோணித்துண்டு பத்திரமாக இருந்தது. அதை இழுத்ததும் அதன் பின்னால் மெத்தைப் பஞ்சு போலப் பிசிறு வந்தது. ஒரு மாதமாக நாம் ஒரு நாளாவது வடிகட்டி வலையை எடுத்துத் துடைத்ததில்லை. உலரும் துணிகள் உதிர்த்த நூல் பிசிறெல்லாம் வலையை மூடி, குழாயில் சேர்ந்து, யந்திரத்தின் உள்ளேயும் படிந்திருந்தது. சுருளுக்கு அருகே கிடந்த பிசிறு பழுப்பேறி இருந்தது. மெக்கானிக் அதை விரலால் எடுத்துக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. நமக்கும் பேச்சு வரவில்லை. அந்த யந்திரத்துக்கும் பேரனுடைய தூளிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான்.

நடந்தது இதுதான். வெளியேற வழியில்லாத சூடு உள்ளேயே பெருகியது. சாதாரணமாகச் சூட்டை மட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மீறி அது எல்லை கடந்தபோது, அந்தச் சிறு ஃபியூஸ் தன்னை மாய்த்துக் கொண்டு மின்சாரத்தின் வழியை அறுத்துவிட்டது. ஒரு முறை அறுந்தால் அது மறுபடி சேராது. சில யந்திரங்களில் சூடு மட்டும் நிற்கும். சிலவற்றில் மோட்டாரே கிளம்பாது.

செஞ்சியில் ராஜகிரி ஏறியவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு இருக்கிறது. அதன் மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எத்தனை பெரிய சேனையும் இப்பால் நிற்க வேண்டியதுதான். நமது ஃபியூஸ் செய்தது அந்தப் பாலத்தை எடுத்த காரியம். நாமோ, எதிரி யார் என்றுகூடக் கேளாமல், நிரந்தரமாக ஒரு பாலம் போட்டுக் கொடுக்கச் சொன்னோம்!

நேயர்கள் வீட்டிலும் இத்தகைய யந்திரம் இருக்கலாம். அது கிளம்பாவிட்டால் முதலில் பிளக்குக்கு மின்சாரம் வருகிறதா, மீட்டர்ப் பலகையில் ஸ்விட்ச் விழுந்திருக்கிறதா, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் யந்திரத்துக்குச் சிறிய பிளக் உதவாது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மோட்டார் உறுமியும் உருளை சுற்றாவிட்டால் பெல்ட் அறுந்திருக்கலாம். சுற்றியும் சூடு வராவிட்டால், வலையையும் குழாயையும் சுத்தம் செய்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஃபியூஸ் போயிருந்தால், அதே அளவுள்ள புதியதைத்தான் போட வேண்டும். வலையை ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் துடைத்த துண்டை இதில் போடவே கூடாது. துவைத்த பின்பும் துணியில் தங்கும் எண்ணெய், சூட்டில் தானாகவே தீப்பற்றக் கூடும். ஓடவிட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவும் கூடாது.

புதிய ஃபியூஸ் வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுவதும், நன்றாகப் பிழிந்த துணிகளை மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிப் போட்டோம். மீதி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்கினோம். கை வலித்ததே தவிர, பேரனுக்கு ஒரு குறையும் நேரவில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கக் கூடிய காரியத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தோமே என்ற வருத்தம் யாருக்கும் இல்லை.

சத்தியாக்கிரகம் செய்கிறவனிடம் பலாத்காரம் பலிக்காது, அவனுடைய குறை என்னவென்று விசாரிக்க வேண்டும் என்று நாம் மேடையில் கேட்டிருக்கிறோம், பிறருக்கும் சொல்லியிருக்கிறோம். நமது வீட்டு யந்திரம் உட்கார்ந்தபோதோ இரண்டு தட்டுத் தட்டினோம். அடுத்தபடியாக அதன் வாயையே கட்டப் பார்த்தோம். அதன் கோரிக்கை எவ்வளவு அற்பமானது! மூச்சு விட வழி வேண்டும் என்றது, அவ்வளவுதான்.

அந்தக் கோணித்துண்டை நமது சகதர்மிணி எறிந்துவிடவில்லை. துவைத்து, யந்திரத்தின் பக்கத்திலேயே ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். நாம் மின்சாரத்தைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பிக்கும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பாள். நாமும் வாயை மூடிக்கொண்டு வலையைத் துடைக்கப் போய்விடுவோம்.