காரில் வந்தது புகையா, பனியா?

பஞ்சாலையில் வேலை பார்த்த நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நூற்புப் பிரிவில் காற்றின் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கூடினால் உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, சுற்றாதது ஒன்று, இரண்டையும் பார்த்து நோட்டில் எழுதுவது பல வருடம் என் வேலையாக இருந்தது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரே பஞ்சாலையிலிருந்து வந்ததுதான். 1906-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் கிராமர் என்பவர் ஆலைக் காற்றில் ஈரம் சேர்க்கும் முறைக்கு வைத்த பெயர் அது. இன்று காரில் அதே பெயருள்ள கருவி, காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறது.

அந்தப் பழைய அனுபவம் போன ஆனி மாதம் கைகொடுத்தது. என் தங்கையும் மாப்பிள்ளையும் பாலக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவிநாசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாளையாறு பக்கம் தூறலில் டீ குடிக்க நிறுத்தியபோது கார்க் கதவுகள் திறந்தே கிடந்தன. மறுபடி ஏறி ஏசியை முழுதாக வைத்ததும், முன்னால் காற்று வரும் ஓட்டைகளிலிருந்து வெள்ளையாகக் கிளம்பியது. "ஏனுங்க, புகை வருதுங்க, நிறுத்துங்க!" என்று தங்கை கத்த, மாப்பிள்ளை பைபாஸ் ஓரத்திலேயே நிறுத்திவிட்டார். முட்டி ஆபரேஷன் ஆனவள், லாரிகள் உரசிப் போகும் இருட்டில் அரை மணி நேரம் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

மறுநாள் ஒரு பட்டறையில், "கூலிங் காயில் போயிருக்கும், டேஷ்போர்டை இறக்கணும்" என்றார்களாம். செலவுகூடப் பரவாயில்லை. தங்கை காரில் ஏறவே மறுத்துவிட்டாள். வாரம் இரண்டு தடவை கோயமுத்தூருக்குப் பிசியோதெரபிக்குப் போக வேண்டியவள். "தீப்பிடிச்சா சட்டுனு இறங்க என் காலுக்கு ஆகாதுங்கண்ணா" என்றாள்.

அடுத்த மழை நாளில் அவளையே முன்சீட்டில் உட்கார வைத்தேன். கதவுகளைச் சற்று நேரம் திறந்து வைத்து, பிறகு மூடி ஏசியைப் போட்டேன். அதே வெள்ளைப் படலம் வந்தது.

"மோந்து பாரு, கண்ணு."

"ஒரு வாசமும் இல்லீங்கண்ணா."

"எவ்வளவு தூரம் வருதுன்னு பாரு."

ஒரு சாண் தாண்டுவதற்குள் கரைந்துவிட்டது. புகையாக இருந்தால் அப்படி மறையாது. உள்ளேயே சுற்றிக்கொண்டு கண்ணை எரிக்கும்.

கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான் தாங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று காருக்குள் நிறைந்திருக்கும்போது, ஏசியின் குளிர்ந்த காற்று அதோடு கலந்தால், மிச்ச நீராவி பொடித் துளியாகிறது. மார்கழி விடியலில் பார்க்கும் பனிமூட்டம்தான் அது. ஏசி கேஸுக்கு நிறமில்லை. அது கசிந்தால் குளிர்ச்சி குறையுமே தவிர, இப்படி வெண்மையாகத் தெரியாது. வண்டியோ நன்றாகவே குளிர்ந்தது.

வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றே சுற்றும் பொத்தானை அழுத்தினேன். சில நிமிடத்தில் படலம் நின்றுவிட்டது. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியதையும் மாப்பிள்ளையிடம் காட்டினேன். உள்ளே பிடித்த ஈரம் குழாய் வழியாகச் சரியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். டேஷ்போர்டை யாரும் தொடவில்லை. அந்த வாரமே தங்கை காரில் பிசியோதெரபிக்குப் போனாள்.

எல்லா வெள்ளையும் பனி என்று நினைத்துவிடவும் கூடாது. தித்திப்பான வாசம் வந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிந்தால், ஹீட்டர் பக்கம் கூலண்ட் கசிகிறது. கூலண்ட் டப்பாவில் அளவு இறங்கியிருக்கும், உடனே காட்ட வேண்டும். கால்மிதி நனைந்திருந்தால் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் யோசிக்கவே வேண்டாம்: ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

வாசமே இல்லை, ஒரு சாணில் கரைகிறது என்றால், நம் வயதுக்காரர்கள் மழையில் பைபாஸில் இறங்கி நிற்க வேண்டியதில்லை. முன்கண்ணாடி தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, நிதானமாக வீடு வந்து சேருங்கள்.